வெளுத்தால்தான் ஒட்டும்

முன்பல் உடைந்து ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் தேடுவது ஒரு சின்ன சிரிஞ்சை. பசைபோன்ற நீல நிறக் களிம்பு அதில் இருக்கும். உடைந்த விளிம்பில் அதைத் தடவி, பதினைந்திலிருந்து முப்பது விநாடி எண்ணி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காற்றால் உலர்த்துவேன். அதுவரை பளபளத்த எனாமல் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறிவிடும். பக்கத்தில் நிற்கும் அம்மா பதறிப்போவார். “டாக்டர், பல்லு வெளுத்துப்போச்சே!”

“வெளுக்கணும்மா. வெளுத்தாத்தான் ஒட்டும்.”

பல் நிறத்து அடைப்பை இன்று எல்லோரும் அழகு சிகிச்சையாகவே பார்க்கிறார்கள். அது பிறந்த கதையோ பல்லில் எதையும் ஒட்டவைக்க முடியாத தவிப்பிலிருந்து தொடங்குகிறது. பல் ஈரமானது, வழவழப்பானது. ஒரு வேளைக்குக் கொதிக்கும் காபி, அடுத்த வேளைக்கு ஐஸ் என்று பழகுவது. போதாததற்கு நாளெல்லாம் இடிபடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பசை நிற்கும்?

வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூளைப் பாதரசத்தோடு பிசைந்து அடைக்கும் அமால்கம் பல்லில் ஒட்டுவதில்லை. குழிக்குள் சிக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே குழியை வாய் குறுகி வயிறு அகன்ற பானைபோல வெட்ட வேண்டும். அமெரிக்காவின் ஜி. வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூலில் இந்த வெட்டுகளுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தார். சொத்தை பரவக்கூடிய பக்கத்துப் பள்ளங்களையும் முன்கூட்டியே சேர்த்து வெட்டிவிடு என்பது அதில் ஒரு விதி. கையிலிருந்த பொருளுக்கு அதைவிட நல்ல வழி அன்று இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பற்களைக் காத்தது அந்த இலக்கணம்தான். ஆனாலும் கடுகளவு சொத்தைக்குப் பட்டாணி அளவு நல்ல பல் போனது. கல்லூரியில் அந்தக் குழிகளை வெட்டிப் பழகிய நாட்களில் என் மனத்தை உறுத்தியது அதுதான்.

முன்பல்லில் கறுத்த அமால்கத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? அங்கே சிலிக்கேட் சிமெண்ட் வைத்தார்கள். நிறம் பொருந்தியது, ஆனால் எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குப் பின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்தது. அது இறுகும்போதே சுருங்கியது. பிறகு சூடு பட்டால் பல்லைவிட அதிகம் விரியும், குளிர் பட்டால் அதிகம் சுருங்கும். அந்த நூலிழை இடைவெளியில் எச்சிலும் கிருமியும் போய்வந்தன. சில காலத்தில் விளிம்பு பழுப்பேறி, அடைப்புக்கு அடியிலேயே மறுபடி சொத்தை விழுந்தது.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்த மைக்கேல் புவோனகோர் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். ஒட்டும் பொருளை மாற்றுவதற்கு முன்னால் பல்லின் மேற்பரப்பை மாற்றினால் என்ன? தொழிற்சாலைகளில் உலோகத்தின் மேல் பெயின்டும் ரெசின் பூச்சும் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலத்தால் மேற்பரப்பைப் பதப்படுத்துவது வழக்கம். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் நவச்சாரம் போட்டுத் தேய்ப்பாரே, அந்த அறிவுதான். பல் மருத்துவருக்குப் பாஸ்பாரிக் அமிலம் புதியதும் இல்லை. சிமெண்ட் குழைக்கும் திரவத்திலேயே அது இருந்தது.

85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் முப்பது விநாடி வைத்துக் கழுவினார் புவோனகோர். மனிதர்களின் வாயிலேயே, வெட்டுப்பல்லின் முன்பக்கத்தில், அக்ரிலிக் துளிகளை வைத்துப் பார்த்தார். சும்மா இருந்த பல்லில் வைத்தவை சராசரியாக ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அமிலம் தொட்ட பல்லில் வைத்தவை வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. 1955இல் பல் ஆராய்ச்சி இதழில் சில பக்கக் கட்டுரையாக இது வந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே இதை எளிய முறை என்றுதான் சொல்லியிருந்தார்.

எளிமைதான், ஆனால் அதன் அழகு நுண்ணோக்கியில் தெரியும். எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. அது நுண்ணிய கம்பிகளை நெருக்கி அடுக்கியதுபோன்ற கட்டமைப்பு. அமிலம் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அரிப்பதில்லை; சில இடத்தில் அதிகம், சில இடத்தில் குறைவு. அதனால் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் துளைகள் உண்டாகின்றன. திரவமாக உள்ளே இறங்கும் ரெசின் அங்கேயே இறுகிவிடுகிறது, மதில் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று வேர்விடுவதுபோல. அப்புறம் பிடுங்குவது லேசா?

தொழில் இதை உடனே ஏற்கவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. சொத்தை என்பதே கிருமிகள் சுரக்கும் அமிலம் பல்லை அரிப்பதுதான். அமிலத்திலிருந்து பல்லைக் காப்பாற்றப் படித்தவரிடம் போய், நீங்களே கையால் அமிலம் வையுங்கள் என்றால் மனம் வருமா? பல்லின் உயிர்நாடியான நரம்புக்கு ஆபத்து வரும் என்ற அச்சமும் இருந்தது. 1967இல் புவோனகோர், தன் சகாவோடு சேர்ந்து, அமிலம் வைத்த கடைவாய்ப்பற்களின் பள்ளங்களைச் சொத்தை வருமுன்பே மூடிய சோதனையை வெளியிட்டார். இந்த மொத்தக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். நல்ல பள்ளத்தை வெட்டிக் காப்பாற்றிய காலம் போய், வெட்டாமலே மூடிக் காப்பாற்றும் காலம் அங்கே தொடங்கியது.

ஒட்டும் வழி கிடைத்தது. ஒட்டத் தகுந்த பொருள் வேண்டுமே. வாஷிங்டனில் தேசியத் தரநிர்ணய நிலையத்தின் ஆய்வகத்தில் ரஃபேல் போவென் அதற்காக உழைத்துக்கொண்டிருந்தார். முதலில் எபாக்சி பசையில் சிலிக்காத் தூளைக் கலந்தார். உறுதி இருந்தது, ஆனால் இறுக நேரம் பிடித்தது. நோயாளி எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பார்? ஆகவே எபாக்சியின் பெரிய மூலக்கூறை நடுவில் வைத்து, இரு முனைகளிலும் அக்ரிலிக் போல விரைந்து இறுகும் மெத்தாக்ரிலேட்டைச் சேர்த்தார். அதுதான் பிஸ்-ஜிஎம்ஏ, 1962இல் காப்புரிமை கிடைத்தது. மூலக்கூறு பெரிது என்பதால் சுருக்கம் குறைவு. சிலிக்காத் துகளுக்கு சிலேன் பூசி, ரெசினோடு கைகோத்து நிற்கவும் வைத்தார். இன்று நாங்கள் காம்போசிட் என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

முதலில் இரண்டு பசைகளைக் கலந்து, இறுகுவதற்குள் அவசரமாக வைக்க வேண்டியிருந்தது. 1970களில் ஒளி அந்த அவசரத்தைப் போக்கியது: முதலில் புற ஊதா, பிறகு நீல ஒளி. நீல ஒளியை வாங்கிப் பசை இறுகும் வேலையைத் தொடங்கி வைக்கும் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் பொருள் நம் கற்பூரத்தின் நெருங்கிய உறவு. பல்லின் உட்பகுதியான டென்டினில் ஒட்டுவது இன்னும் கடினம். அங்கே ஈரம் அதிகம், தாது குறைவு. ஜப்பானின் ஃபுசயாமாவும் நகபயாஷியும் அதற்கு வழி கண்டார்கள்.

இத்தனை பேரின் உழைப்பு என் மேசையில் அரைமணி வேலையாகக் கிடக்கிறது. நிறம் பார்ப்பதை எப்போதும் முதலில், ஜன்னல் வெளிச்சத்தில் செய்வேன். பல் காய்ந்தால் வெளிறிக் காட்டி ஏமாற்றிவிடும். பிறகு ரப்பர் ஷீட்டை மாட்டி எச்சிலை விலக்குவேன். அமிலம் வைத்த இடத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் திரும்பவும் முதலிலிருந்துதான். அதன்பின் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல ஒளி காட்டுவேன்.

கல்யாணத்துக்கு முன் பளீரென்ற சிரிப்பு வேண்டும் என்று, பழுதில்லாத பற்களைத் தேய்த்துச் செராமிக் ஓடு மாட்டச் சொல்லி வருகிறார்கள். தேய்த்த எனாமல் திரும்ப முளைக்காது என்று சொல்லிப் புரியவைக்க, அடைப்பு வைப்பதைவிட நேரமாகிறது. ஆனாலும் சொல்லாமல் விடுவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். சிலர் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு, மூலையில் உடைந்த சிறு துண்டை மட்டும் காம்போசிட்டில் சரிசெய்துகொண்டு போகிறார்கள்.

முன்பல் உடைந்த பிள்ளையிடம், அந்தப் பல்லால் கரும்பு கடிக்காதே, நகம் கடிக்காதே என்று சொல்லி அனுப்புவேன். சில வருடத்தில் விளிம்பில் கறை படியலாம், ஒரு மூலை பெயரலாம். அப்போது முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. பழையதைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, எனாமலில் நீலக் களிம்பு தடவி, முப்பது விநாடி எண்ணி, பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம்.