டுரியான்

தென்கிழக்காசியாவின் முள்ளோட்டுப் பழம். முள்நாறி என்றும் வழங்கும். தாயகம் போர்னியோவும் சுமத்ராவும். முன்பு இலவமரக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. இன்று பருத்தியும் வெண்டையும் அடங்கிய மால்வேசியில் சேர்க்கப்படுகிறது. மாலையில் விரியும் பூக்களில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் வௌவால்கள்.

15ஆம் நூற்றாண்டில் சுமத்ரா சென்ற வெனிஸ் வணிகர் நிக்கோலோ தெ கோன்டி இதைக் குறிப்பிடுகிறார். 1563இல் கோவாவில் அச்சான மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலிலும் இடம்பெற்றது.

விரிவான குறிப்பு விட்டுச்சென்றவர் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். மலாக்காவில் வீட்டுக்குள் வந்த பழத்தின் நாற்றம் பொறுக்காமல் ஒதுக்கியவர், போர்னியோவில் தானே உதிர்ந்து கிடந்த பழத்தை வெட்டவெளியில் தின்றபின் அதற்கு அடிமையானார். 1869இல் வந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில் பழங்களின் அரசனாக டுரியானையும் அரசியாக ஆரஞ்சையும் வைத்தார். சுளையின் சுவையில் வாதுமை முதல் வெங்காயம் வரை பலவற்றின் சாயலைக் கண்டார். மனிதர் தலைக்குத் தீங்கு வராதபடி உயர்ந்த மரங்களில் சிறு காய்களே காய்க்கின்றன என்ற நீதிவாதிகளை, உயரத்தில் காய்க்கும் கனத்த டுரியானைக் காட்டி அவர் மடக்கும் இடம் சுவையானது. தலையில் பழம் விழுந்தும் பிழைத்த, போர்னியோவின் தயாக் பழங்குடித் தலைவர் ஒருவரும் அந்நூலில் வருகிறார். காயத்திலிருந்து பெருகும் குருதியே உயிரைக் காக்கிறது என்பது வாலஸின் விளக்கம். இன்று அதை ஏற்பதற்கில்லை.

பூக்கும் தாவரங்களின் ஆதிக் கனி டுரியானை ஒத்திருந்திருக்கலாம் என்று 1949இல் தாவரவியலாளர் ஈ. ஜே. எச். கார்னர் வாதிட்டார். தாவரவியலாளர் பலர் இதை ஏற்கவில்லை.

மலேசியாவில் பழம் பழுத்துத் தானே விழும்வரை காத்திருப்பது வழக்கம்; தாய்லாந்தில் முற்றியதும் மரத்திலிருந்தே வெட்டுவர். வாங்குவோர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பர். உள்ளே கொட்டை இலேசாக அசைந்தால் பழம் பக்குவம். தின்றபின் ஓட்டுக் குழியில் நீர் ஊற்றிக் குடித்தால் வாய்நாற்றமும் உடற்சூடும் போகும் என்பர். தாய்லாந்தின் மொந்தோங், சனீ, மலேசியாவின் டி24, மூசாங் கிங் ஆகியவை பெயர்பெற்ற வகைகள்.

100 கிராம் சுளையில் சுமார் 147 கலோரி, 27 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு உள்ளன. பொட்டாசியமும் வைட்டமின் சியும் உண்டு. மதுவுடன் உண்பது ஆபத்து என்ற நம்பிக்கை பரவலானது. ஆல்கஹால் சிதைவில் பங்குபெறும் நொதியொன்றை டுரியான் தடுப்பதாக 2009இல் ஜப்பானிய ஆய்வொன்று கூறியது. உயிருக்கே உலையா என்பது வேறு கேள்வி.

2017இல் மூசாங் கிங்கின் மரபணுத் தொகுதி வெளியானது. சீனா இன்று மிகப்பெரிய இறக்குமதியாளர். சிங்கப்பூர் ரயில்களில் இப்பழத்துக்குத் தடை உண்டு.

தமிழ்நாட்டில் நீலகிரிச் சரிவின் கல்லாறு, பர்லியார் அரசுப் பழப்பண்ணைகளில் இம்மரங்கள் உள்ளன. குழந்தைப்பேறு தரும் என்று நம்பி அங்கு இதைத் தேடி வருவோர் பலர். அதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை.