தாரகனும் டிஸ்பரிலும் - அரக்கர் வரிசை ஒன்றின் வரலாறு



சென்ற ஆண்டு இறுதியில், பள்ளி முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்த வேளையில், ஒரு தாயார் என் வகுப்பறை வாசலில் நின்றிருந்தார். அவர் கையில் மகனுடைய கணிதப் பயிற்சிப் புத்தகம் இருந்தது. பின்பக்கங்களில் கணக்கு இல்லை, முழுதும் அரக்கர்கள். மிதக்கும் இரும்புத் தலை ஒன்று, சம்மட்டி ஏந்திய எருதுமுகன் ஒருவன், பாம்பின்மேல் அமர்ந்த மந்திரவாதி ஒருவன். "இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது போலிருக்கிறது, ஐயா. அப்பா போன பிறகு இதையேதான் வரைகிறான்" என்றார். பையன் ஐந்தாம் ஆண்டு மாணவன். அதற்கு முந்திய ஆண்டுதான் தகப்பனாரை இழந்திருந்தான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. காரணம், அந்தப் பாம்பின்மேல் அமர்ந்தவனை எனக்குத் தெரியும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தெரியும்.

1995-ஆம் ஆண்டின் நீண்ட பள்ளி விடுமுறையை ஆயர் ஈத்தாமில் இருந்த அத்தை வீட்டில் கழித்தேன். அத்தை மகனிடம் ஒரு கணினி இருந்தது. கொம்தாரில் வாங்கி வந்த நெகிழ்வட்டுகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றில்தான் 'ஹெரெட்டிக்' என்னும் ஆட்டம். ஆடுபவன் தன் கண்வழியே உலகைக் காண்பது போலவும், தன் கையிலுள்ள படைக்கலம் மட்டும் கீழே தெரிவது போலவும் அமைந்த சுடும் ஆட்டம் அது. துப்பாக்கிக்குப் பதில் மந்திரக்கோல். போர்க்களத்துக்குப் பதில் இடிந்த கோட்டைகள், சமாதிகள், எரிமலைக் குழிகள். விளக்கை அணைத்துவிட்டு ஆடுவோம். அத்தை வந்து விளக்கைப் போட்டுத் திட்டுவார்.

அந்நாளில் இத்தகைய ஆட்டங்களின் முதற்பகுதியை யாரும் படியெடுத்துக் கொள்ளலாம். எஞ்சிய பகுதிகளுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது முதற்பகுதி மட்டுமே. ஆகவே அதன் இறுதியில் நிற்கும் இரும்புத் தலை அரக்கனோடு எங்கள் போர் முடிந்துவிட்டது. உடலின்றித் தலை மட்டுமே காற்றில் மிதந்து வந்து, பனியும் நெருப்பும் சூறைக்காற்றும் ஏவுவான். மலாய்க்காரத் தோழர்கள் சொல்லும் பெனாங்கலான் பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, உடலை விட்டுத் தலை பறப்பது ஒன்றும் புதிதன்று. இரண்டாம் பகுதியின் எருதுமுகனையும் மூன்றாம் பகுதியின் டிஸ்பரிலையும் படத்தில்தான் கண்டோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம் பிள்ளைகள் 'பாஸ்' என்று சொல்வது, ஒரு பகுதியின் முடிவில் வழிமறித்து நிற்கும் தலைமை அரக்கனை. இந்த ஏற்பாடு 1975-இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 'பிளேட்டோ' என்ற கல்விக் கணினி அமைப்பில் மாணவர்கள் எழுதிய 'டிஎன்டி' என்னும் ஆட்டத்தில், உருண்டை ஒன்றைக் காவல் காத்த பொன்நிற டிராகனையே இவ்வகையில் முதலாவதாகப் பலர் குறிப்பிடுவர். பாடம் சொல்லித் தருவதற்காக அமைத்த கணினியில் மாணவர்கள் அரக்கனை வளர்த்திருக்கிறார்கள்! கணிதப் புத்தகத்தின் பின்பக்கம் என் நினைவுக்கு வந்தது.

1993 டிசம்பரில் ஐடி சாப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்', சுடும் ஆட்டங்களின் போக்கையே மாற்றியது. அதன் அரக்கர்கள் பிறந்த விதம் ஆசிரியர்களுக்குச் சுவையாக இருக்கும். ஏட்ரியன் கார்மக் என்ற ஓவியர் சிலவற்றைக் களிமண்ணில் பிசைந்து உருவாக்கினார். கிரெகர் புன்சாட்ஸ் என்ற சிற்பி வேறு சிலவற்றைச் செய்து கொடுத்தார். அந்தப் பொம்மைகளைப் பல பக்கங்களிலிருந்து படம் பிடித்து, கணினியில் ஏற்றித் திருத்தினார்கள். திரையில் நம்மை நோக்கி ஓடி வரும் அரக்கன் உண்மையில் தட்டையான படம். நாம் அவனைச் சுற்றி வந்தால் எட்டுத் திசைக்குரிய எட்டுப் படங்களுள் ஒன்றை எடுத்துக் காட்டுகிறது கணினி. தோல்பாவைக் கூத்தில் பாவையைத் திருப்பிக் காட்டும் வேலைதான். கொஞ்சம் விரைவாக நடக்கிறது.

இந்த டூமின் இயக்குபொறியைக் கடன் வாங்கித்தான் ஹெரெட்டிக் உருவாயிற்று. செய்தவர்கள் ரேவன் சாப்ட்வேர். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1990-இல் பிரையன் ராபல், ஸ்டீவ் ராபல் என்ற இரு சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். ஹெரெட்டிக் 1994 டிசம்பரிலும், 'ஹெக்சன்' 1995-இலும், 'ஹெக்சன் 2' 1997-இலும் வந்தன. மூன்றுக்கும் பொதுவான பகைவர், 'பாம்பு ஊர்வோர்' எனப்படும் மூவர். இளையவனும் வலிமையில் குறைந்தவனுமாகிய டிஸ்பரில் முதல் ஆட்டத்தில் மடிகிறான். ஆறு கைகள் கொண்ட கோராக்ஸ் இரண்டாவதில். மூத்தவன் எய்டோலன் கடைசியில்.

மூன்று பகைவர். இளையவன் முதலில், மூத்தவன் இறுதியில். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் கந்தபுராணத்தில், யானைமுகம் கொண்ட இளையவன் தாரகன் முதலில் வீழ்கிறான். ஆயிரம் தலை படைத்த நடுவன் சிங்கமுகன் அடுத்து. சூரபத்மன் கடைசியில். தாரகனுக்கு அரணாக நின்ற கிரவுஞ்ச மலையை எண்ணிப் பாருங்கள்: வீரவாகுவும் அவருடைய சேனையும் உள்ளே சென்று, வழி தெரியாமல் மாயையில் மயங்கிக் கிடக்கிறார்கள். எங்கள் அத்தை வீட்டுத் திரையில் நாங்கள் மணிக்கணக்கில் சுற்றிய சுரங்கமும் அதுவே அல்லவா? சிங்கமுகனின் தலைகள் வெட்ட வெட்ட முளைக்கின்றன. சூரனோ சக்கரவாகப் பறவையாகிறான், இருளாகிறான், கடலாகிறான், கடைசியில் மாமரமாகி நிற்கிறான். டிஸ்பரிலுக்கும் இரண்டு நிலை உண்டு: ஏறி வந்த பாம்பு மாண்டதும் தரையில் இறங்கி, இடம் மாறி மாறித் தோன்றிச் சீடர்களை வரவழைப்பான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "இவையெல்லாம் நம்மிடமிருந்து திருடப்பட்டவை" என்று எழுதினால் பலர் மகிழ்வர். எனக்கும் எழுத ஆசைதான். ஆனால் அதற்குச் சான்று ஒன்றும் இல்லை. ராபல் சகோதரர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் ஊறியவர்கள். எருதுமுகன் கிரேக்கக் கதையிலிருந்து வந்தவன். ஹெக்சன் 2-இல் எய்டோலனுக்கு முன் வரும் நான்கு குதிரை வீரர்கள் கிறிஸ்தவ மறையின் இறுதி நூலுக்கு உரியவர்கள். பிறகு இந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது: இரண்டும் பகுதி பகுதியாகச் சொல்லப்படுபவை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்துப் பொருள் சொல்லப்பட்டு வந்தது. அன்றைய பகுதிக்கு ஒரு பகைவன் வேண்டும். ஆனால் நாளைக்கும் ஆள் வர வேண்டும் என்றால் பெரியவனை இன்றே கொன்றுவிடக் கூடாது. முதற்பகுதியை இலவசமாகக் கொடுத்த விஸ்கான்சின்காரர்களுக்கும் அதே கவலைதான்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் நடக்கும் சூரசம்ஹாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அசுரனின் உருவத்தில் முதலில் யானைமுகம். அது வீழ்ந்ததும் சிங்கமுகம். பிறகு சூரனுடைய சொந்த முகம். உடல் அதுவே, தலை மட்டும் மாறுகிறது. நம் பினாங்கிலும் அரக்கரைப் பார்ப்பதற்குக் கணினி தேவையில்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில், பேய்களுக்கு அரசனாகிய தாய் சூ யாவின் மாபெரும் காகித உருவம் வீதியோரம் எழும், அதன் தலையில் குவான் யின் தேவியின் சிறு உருவம் இருக்கும், முடிவில் தீயிடுவர். பள்ளி செல்லும் வழியில் அதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தேன். பயந்ததுண்டு; கெட்டுப் போனதில்லை.

ஆனாலும் ஆட்டத்துக்கும் புராணத்துக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. டிஸ்பரில் விழுந்த கணமே அத்தளத்தில் எஞ்சியுள்ள அரக்கர் யாவரும் ஒருசேரச் சாகும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வாழ்வு இல்லை. கந்தபுராணத்து அசுரர்க்கோ உறவு உண்டு, வாதம் உண்டு, துக்கம் உண்டு. தேவர்களைச் சிறைவிடு என்று அண்ணனிடம் எடுத்துச் சொல்கிறான் சிங்கமுகன். கேளாதபோது, தவறென்று தெரிந்தே அவனுக்காகப் போருக்குப் போகிறான். சூரன் இறந்த செய்தி கேட்டு அவன் மனைவி பதுமகோமளை உயிர் விடுகிறாள். சூரனும் முற்றிலும் அழிவதில்லை; மயிலும் சேவலுமாகி முருகனிடமே இருந்துவிடுகிறான்.

2025 ஆகஸ்டில் ஹெரெட்டிக்கும் ஹெக்சனும் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தன. அம்மாணவன் தன் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் பார்த்தது அதைத்தான். தாயாரிடம் இரண்டு செய்திகள் சொன்னேன். அந்த ஆட்டம் பதினோரு வயதுப் பிள்ளைக்கு உரியதன்று; குருதி மிகுந்தது; அண்ணனிடம் பேசி நிறுத்துங்கள். ஆனால் வரைவதை நிறுத்தாதீர்கள். கணிதப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறு புத்தகத்தில் வரையட்டும். அவர் முழுதும் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

மறுவாரம் அவனுக்கு நானே ஒரு வரைபுத்தகம் வாங்கிக் கொடுத்து, ஓய்வு நேரத்தில் சூரன் கதையைச் சிறிது சிறிதாகச் சொல்லத் தொடங்கினேன். தாரகன், பானுகோபன், சிங்கமுகன் என ஒருவர் பின் ஒருவராக வரைந்து கொண்டே வந்தான். சிங்கமுகனுக்கு ஆயிரம் தலை போட இடம் போதவில்லை என்று குறைபட்டான். சூரன் மாமரமான அன்று அவன் கேட்டது நான் எதிர்பாராத கேள்வி.

"ஐயா, அவனுக்கு யார் கொள்ளி வைத்தார்கள்?"

இருபது ஆண்டுக்கு மேலாகக் கற்பிக்கிறேன். இக்கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. புராணத்தில் விடை இருக்கிறது. சூரனுக்கு இரணியன் என்றொரு மகன். தந்தைக்கு அவனும் அறிவுரை சொல்லிப் பார்த்தான். பின்பு போருக்கும் போனான். தோற்கும் நேரத்தில், எல்லோரும் மாண்டுவிட்டால் தந்தைக்கு இறுதிக்கடன் செய்ய ஒருவரும் இரார் என்று எண்ணி, மீன் வடிவம் கொண்டு கடலுக்குள் மறைந்துகொண்டான். கடன் கழித்தவன் அவனே.

சொல்லி முடித்தேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "பயந்து ஓடவில்லை, இல்லையா ஐயா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன்.

அன்று அவன் அரக்கன் எவனையும் வரையவில்லை. ஒரு பக்கம் முழுவதும் நீலம் தீட்டி, அடியில், வலது மூலையில், சிறிதாக ஒரு மீன் வரைந்திருந்தான்.