எல்லையிலிருந்து அடுக்களைக்கு: ‘அம்மோரு’வும் தெலுங்குக் கிராம தேவதையின் இடமாற்றமும்

கிராம தேவதை வழிபாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் பயில்வோர்க்கு 1995இல் வெளிவந்த ‘அம்மோரு’ என்னும் தெலுங்குத் திரைப்படம் ஒரு முதன்மையான சான்று. ஷியாம் பிரசாத் ரெட்டி தயாரிக்க, கோடி ராமகிருஷ்ணா இயக்கிய இப்படத்தில் பவானி என்னும் ஏழைப் பெண்ணாகச் சௌந்தர்யாவும், தேவியாக ரம்யா கிருஷ்ணனும், கோரக் என்னும் மந்திரவாதியாக ராமி ரெட்டியும் நடித்தனர். கணினி வரைகலையைக் கையாண்ட தொடக்கக்காலத் தெலுங்குப் படங்களுள் இதுவும் ஒன்று. இப்படம் குறித்த பேச்சு பெரும்பாலும் அதன் தொழில்நுட்பத்தைச் சுற்றியே அமைகிறது. ஆயினும் ஒரு தெய்வத்தின் பணி எவ்வாறு மாறியது என்பதற்கான பதிவாகவும் அதைப் படிக்க இயலும்.

தலைப்பிலேயே வரலாறு தொடங்குகிறது. ‘அம்மோரு’ என்பது ‘அம்மவாரு’ என்னும் சொல்லின் பேச்சு வடிவம். தெலுங்கில் அச்சொல் தேவியையும் குறிக்கும். உடலில் கொப்புளமாக எழும் அம்மை நோயையும் குறிக்கும். தமிழில் ‘அம்மை’ என்ற சொல் தாயையும் நோயையும் ஒருங்கே சுட்டுவதை இதனுடன் வைத்துக் காணலாம். நோய் கண்டவரைத் தேவி தம்மிடம் வந்து தங்கியவராகவே மக்கள் கருதினர். எனவே அவள் வரவு அச்சத்திற்குரியது; அவள் அமைதியுற்று விடைபெறுவதே ஊரின் வேண்டுதல்.

சென்னை ஆயராக இருந்த ஹென்றி வைட்ஹெட் 1916இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றிய நூலில் இந்த நோக்கு தெளிவாகப் பதிவாகியுள்ளது. கிராம தேவதைகளை அவர் உலகப் படைப்போடு தொடர்புடைய தெய்வங்களாகக் காணவில்லை; வாந்திபேதி, பெரியம்மை, கால்நடை நோய் முதலிய ஊரின் துன்பங்களோடு பிணைந்தவர்களாகக் கண்டார். தெலுங்கு மாவட்டங்களில் திருவிழாவிற்கெனக் களிமண்ணால் உருவம் செய்து, எருமை பலியிட்டு, இறுதியில் அவ்வுருவத்தை ஊர் எல்லைக்கு எடுத்துச் சென்று விடும் வழக்கத்தையும் குறித்துள்ளார். இச்சடங்குகளில் மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகத்தினர்க்குத் தவிர்க்கவியலாத பங்கு இருந்தது. ஊரின் விளிம்பில் வாழ நேர்ந்தவர்களே ஊரின் விளிம்பிலிருந்து வரும் துன்பத்தைக் கையாளும் பொறுப்பையும் சுமந்தனர்.

‘அம்மோரு’வின் தொடக்கக் கதை இம்மரபை நினைவில் வைத்திருக்கிறது, ஆனால் அதன் திசையை மாற்றுகிறது. கொள்ளைநோய் பரவிய ஊருக்கு மனித வடிவில் வரும் தேவிக்குத் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பெண் உணவளிக்கிறாள். வந்தவள் யாரென உணர்ந்ததும், தான் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்குமாறு வாக்குப் பெற்றுச் சென்று, திரும்பி வராமலிருக்க உயிரை மாய்த்துக்கொள்கிறாள். வாக்கிற்குக் கட்டுப்பட்ட தேவி அவ்வூரிலேயே தங்கிவிடுகிறாள். பழைய சடங்கு தேவியை வழியனுப்பியது. படத்தின் தொன்மமோ அவளை நிரந்தரமாக நிறுத்திக்கொள்கிறது. அந்த நிரந்தரத்திற்கான விலையாக ஒடுக்கப்பட்ட பெண்ணொருத்தியின் உயிர் கொடுக்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கது.

போகவேண்டிய தேவி ஏன் தங்கவேண்டியவள் ஆனாள்? காலத்தை நோக்கினால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும். 1975உடன் இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. 1977இல் அது முறைப்படி உறுதிசெய்யப்பட்டது. 1980இல் உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. படம் வந்தபோது பெரியம்மையை அறியாத ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. பவானியை மணப்பவன் ஒரு மருத்துவன் என்பதைத் தற்செயல் எனக் கொள்ள வேண்டியதில்லை. நோயை மருத்துவம் ஏற்றுக்கொண்ட பின்னர், தேவிக்கு வேறொரு களம் தேவைப்பட்டது.

அக்களம் புகுந்த வீடு. கணவன் வெளிநாடு சென்றபின் பவானியை அவனுடைய உறவினர்கள் வதைக்கின்றனர், கொல்லவும் முயல்கின்றனர். அவளைக் காக்க வரும் தேவி, சிறுமி வடிவில் அவ்வீட்டின் வேலைக்காரியாகிறாள். எல்லையில் நின்றவள் அடுக்களைக்குள் நுழைகிறாள். மணமான பெண்கள் புகுந்த வீட்டில் வதைபடுவதும் மர்மமாக இறப்பதும் நாடெங்கும் விவாதிக்கப்பட்ட காலம் அது. அவ்விவாதத்தின் விளைவாகவே கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983இலும், வரதட்சணை மரணம் குறித்த 304பி பிரிவு 1986இலும் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. பழைய கொள்ளைநோயின் இடத்தில் இப்படம் இந்த வன்முறையை வைக்கிறது. பார்வையாளர்களான பெண்களுக்கு அதன் பொருளை விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது.

எனினும், இந்த இடமாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. கிராம தேவதையின் விழா ஊர் முழுவதும் கூடிச் செய்த செயல். படத்திலோ பவானி தனியள். அவளுக்குத் துணை தேவி மட்டுமே. அதே ஆண்டுகளில் ஆந்திரக் கிராமப் பெண்கள் வேறொரு வழியைக் காட்டியிருந்தனர். நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புகளின் பின்னணியில் மூண்ட சாராய எதிர்ப்புப் போராட்டம் 1992இல் மாநிலமெங்கும் பரவியது. 1993இல் சாராயமும், ‘அம்மோரு’ வெளிவந்த 1995இன் தொடக்கத்தில் மதுவகைகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் குடும்ப வன்முறையை வீட்டுச் சுவர்களுக்கு வெளியே கொணர்ந்து, ஊர்ப்பொதுச் சிக்கலாக மாற்றியவர்கள் அப்பெண்கள். திரைப்படம் அச்சிக்கலை மீண்டும் வீட்டுக்குள் வைத்து, தெய்வத்தால் தீர்க்கிறது.

‘அம்மன்’ என்ற பெயரில் தமிழுக்கு மாற்றப்பட்ட இப்படம் இங்கும் பரவலாகப் பார்க்கப்பட்டது. 2000இல் வந்த ‘ராஜகாளி அம்மன்’ படத்தில் ரம்யா கிருஷ்ணன் மீண்டும் தேவியாகத் தோன்றினார். ‘அம்மோரு’வின் தயாரிப்பாளரும் இயக்குநரும் 2009இல் ‘அருந்ததி’யில் மீண்டும் இணைந்தபோது, மந்திரவாதியை எதிர்த்து நின்றவள் தேவி அல்லள், மறுபிறவி எடுத்த ஒரு பெண். காக்கப்படுபவள் என்ற நிலையிலிருந்து பெண் போரிடுபவளாக நகர்ந்தாள். ஆனால் அவள் அரண்மனைக் குலத்தில் பிறந்தவள். தேவிக்கு முதலில் சோறிட்ட பெண்ணின் குலத்திற்கு அந்த ஆற்றல் வாய்க்கவில்லை. திரையில் கிராம தேவதையின் வரலாற்றை எழுதுவோர் விசாரிக்க வேண்டிய இடம் இதுவே.