செம்புத் தகடும் கல்நார்த் தூசியும்

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஆக்கிய எந்திரம் 1897ஆம் ஆண்டு வெற்றி கண்டது. லோரியில் அது ஏறியதோ 1920களில்தான். காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு நெருக்கி, அவ்வெப்பத்தாலேயே எண்ணெயை எரியச் செய்வது அதன் இயல்பு. அவ்வழுத்தத்தை எந்திரத்தின் தலைப்பகுதிக்கும் அடிக்கட்டைக்கும் இடையே காப்பது ஒரு மெல்லிய தகடு. பட்டறையில் அதனைக் 'கேஸ்கெட்' என்பர்.

பழைய லோரிகள் பலவற்றில் அது செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் பொதிந்ததாக இருந்தது. கல்நார் தீயில் எரியாது. நசுங்கி இடைவெளியை அடைக்கும். தகடு சிதைந்தால் எண்ணெயில் குளிர்நீர் கலந்து பாலாடைபோல் திரளும். அப்பொழுது தலையைக் கழற்றி, பரப்பைச் சுரண்டி, புதுத் தகடிட்டு, நடுவிலிருந்து புறநோக்கித் திருகாணிகளைப் படிப்படியாக முறுக்குவர். சில நாள் ஓடியபின் மீண்டும் முறுக்குவதுண்டு. தகடு மேலும் அமுங்குமன்றோ!

சுரண்டுகையில் எழுந்த தூசியே கொடிது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைக்கும். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். பிரிட்டன் 1931ஆம் ஆண்டிலேயே கல்நார்த் தூசிக்கு விதி வகுத்தது. ஆனால் அவ்விதி ஆலையை நோக்கியது, பட்டறையை அன்று. முழுத் தடை அங்கு 1999இல்தான் வந்தது. இன்று பலவடுக்கு எஃகுத் தகடுகள் பெருகிவிட்டன. ஆயினும் பழைய லோரியினுள் முன்னைத் தகடு இன்னும் இருத்தல் கூடும். அதனை ஈரப்படுத்தியே எடுத்தல் வேண்டும், உலர்நிலையில் சுரண்டலாகாது.