வானவில் லோரிகீட்

வானவில் லோரிகீட் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிளி. வட குயின்ஸ்லாந்திலிருந்து தெற்கு ஆஸ்திரேலியா வரை, கிழக்குக் கரையை ஒட்டிய மழைக்காடுகளிலும் யூக்கலிப்டஸ் காடுகளிலும் நகரத் தெருமரங்களிலும் வாழ்கிறது. உடல் நீளம் 25 முதல் 30 செ.மீ.

தலை கருநீலம், பிடரியில் மஞ்சள் கலந்த பச்சை வளையம், முதுகும் வாலும் இலைப்பச்சை, மார்பு செம்மஞ்சள், வயிறு மீண்டும் நீலம். பறக்கும்போது சிறகின் அடியில் மஞ்சள் பட்டை பளிச்சிடும். இத்தனை நிறமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால், பார்த்துப் பால் பிரித்தறிய முடியாது. வளர்ந்த பறவையின் அலகு சிவப்பு, இளம் பறவையுடையது கருமை.

நிறத்தைவிட வியப்பானது நாக்கு. அதன் நுனியில் தூரிகைபோல் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. பூவுக்குள் நாக்கை விட்டதும் தேனும் மகரந்தமும் அவற்றில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இப்பேரினத்தின் அறிவியல் பெயரான டிரைக்கோகுளோசஸ் என்பதற்கு 'மயிர் நாக்கு' என்றே பொருள். தேன் தெம்பு தருகிறது, மகரந்தம் புரதம் தருகிறது. பழங்களையும் உண்ணும். ஆனால் விதை தின்னும் கிளிகளைப்போல் வலுவான இரைப்பை இதற்கில்லை. ரொட்டியும் சர்க்கரை நீரும் வைப்பவர்கள் அன்பினால்தான் வைக்கிறார்கள். பறவைக்கு அது கேடு. தோட்டத்தில் ஒரு பேங்க்சியாவோ கிரெவில்லியாவோ நட்டுவிட்டால் போதும். குயின்ஸ்லாந்தின் கரம்பின் சரணாலயத்தில் இப்பறவைகளுக்கு உணவிடும் வழக்கம் 1947இல் தொடங்கியது. தம் மலர்ச்செடிகளை இவை பாழாக்காமலிருக்க, அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்பவர் தனியே உணவு வைத்ததே அதன் தொடக்கம்.

அந்தி சாய்ந்ததும் இவை பெருங்கூட்டமாக மரங்களில் அடையும்; அப்போது எழும் கூச்சல் காதைத் துளைக்கும். பூத்த மரத்தைப் பிற பறவைகளுக்கு எளிதில் விட்டுத்தராது. தன்னைவிடப் பெரிய பறவையையும் விரட்டும்.

ஆணும் பெண்ணும் பெரும்பாலும் நீண்டகால இணையாகவே வாழ்கின்றன. தெற்குப் பகுதிகளில் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை இனப்பெருக்கக் காலம். யூக்கலிப்டஸ் போன்ற உயர்ந்த மரங்களின் பொந்தில், மரத்துகளின்மேல், வழக்கமாக இரண்டு வெள்ளை முட்டைகள் இடும். பெண் ஏறத்தாழ மூன்றரை வாரம் அடைகாக்கும். குஞ்சுகளுக்கு இரண்டும் இரை ஊட்டும். ஏழெட்டு வாரங்களில் அவை பொந்தைவிட்டு வெளிவரும்.

பொந்துக்கான போட்டிதான் மேற்கே சிக்கலாயிற்று. 1960களில் பெர்த் நகரில், கூண்டிலிருந்து வெளியேறிய சில பறவைகள் பல்கிப் பெருகின. அங்குள்ள மண்ணின் பறவைகளிடமிருந்து பொந்துகளைப் பறிப்பதாலும் பழத்தோட்டங்களைச் சேதப்படுத்துவதாலும், கிழக்கே பாதுகாக்கப்படும் இப்பறவை அங்கே கட்டுப்படுத்தப்பட வேண்டிய இனமாக அறிவிக்கப்பட்டுள்ளது.