வலசை போகும் கரிபு மான்களும் புவி வெப்பமாதலும்

கரிபு, வட அமெரிக்காவின் வடகோடியில் வாழும் மான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ரெயின்டீர் எனப்படுவதும் இதே சிற்றினமே. 'பனியைக் கிளறுவது' என்ற பொருளுள்ள மிக்மாக் பழங்குடிச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பெரும் மந்தைகள் பல குளிர்காலத்தைக் காட்டுப் பகுதிகளில் கழித்து, கன்று ஈன மரங்களற்ற துந்திரா வெளிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வலசை போகின்றன. ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட வேகமாக வெப்பமடைவதால் இந்த ஆண்டுச் சுழற்சி குலைந்துவருகிறது.

குளிர்கால மேய்ச்சல்

பனிக்கடியில் பாசிபோலப் படரும் லைக்கனை மோப்பம் பிடித்து, அகன்ற முன்னங்குளம்பால் தோண்டித் தின்பது கரிபுவின் வழக்கம். வெப்பம் கூடிக் குளிர்காலத்தில் மழை பெய்தால், நீர் பனிக்குள் இறங்கி உறைந்து கெட்டியான ஓடாகிவிடுகிறது. பனியைக் கிளறும் குளம்புக்கு அந்த ஓடு உடைவதில்லை. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் மேய்ச்சல் நிலம் இப்படி உறைந்ததால், நெனெட்ஸ் பழங்குடி மேய்ப்பர்கள் வளர்த்த சுமார் 61,000 ரெயின்டீர்கள் பட்டினியால் மடிந்தன. வெப்பத்தால் பெருகும் காட்டுத்தீயில் கருகும் லைக்கன் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கோடைக்காலம்

துந்திராவில் தளிர்கள் முந்தி முளைக்கின்றன. மேற்குக் கிரீன்லாந்தில் கன்று ஈனும் காலம் அதே அளவுக்கு முந்தாததால், பாலூட்டும் தாய்களுக்கு இளந்தளிர் தவறிப்போய்க் கன்றுகள் குறைந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு சில மந்தைகளுக்கோ முந்திய பசுமை நன்மை தருகிறது.

வெப்பமும் காற்றின்மையும் கூடும் நாள்களில் கொசுக்களும், மூக்குத் துளையில் புழுக்களை இடும் ஈக்களும் மொய்க்கின்றன. கரிபுகள் மேய்ச்சலை விட்டு, காற்று வீசும் மேடுகளிலும் எஞ்சிய பனித்திட்டுகளிலும் நெருக்கியடித்து நிற்கின்றன. கோடையில் கொழுப்புச் சேராத பெண்மான் இலையுதிர்காலத்தில் சினைப்படாமல் போகலாம்.

வலசைப் பாதை

கனடாவின் டால்ஃபின்–யூனியன் மந்தை, விக்டோரியா தீவிலிருந்து உறைந்த கடல்மீது நடந்து பெருநிலத்தை அடைகிறது. கடல் உறையத் தாமதமாவதால் அது கரையில் காத்திருக்க நேர்கிறது. மெல்லிய பனிக்கட்டி உடைந்து மான்கள் மூழ்குவதும் உண்டு.

எண்ணிக்கை

கனடாவின் பாதர்ஸ்ட் மந்தையில் 1986-இல் சுமார் 4.7 லட்சம் மான்கள் இருந்தன. 2021-இல் எஞ்சியவை ஏறத்தாழ 6,200. கிழக்குக் கனடாவின் ஜார்ஜ் ஆற்று மந்தை 1990-களின் தொடக்கத்தில் 7 லட்சத்தைத் தாண்டியிருந்து, 2018-இல் சுமார் 5,500 ஆகச் சரிந்தது. மந்தைகள் பெருகுவதும் சிறுப்பதும் இயல்பு. சுரங்கங்கள், சாலைகள், வேட்டை, ஓநாய்கள் ஆகியவற்றின் பங்கும் உண்டு. வெப்பமாதல், சரிந்த மந்தை மீண்டெழுவதைக் கடினமாக்குகிறது. கனடாவின் லாப்ரடார் பகுதியில் ஜார்ஜ் ஆற்று மந்தையை வேட்டையாட 2013-இல் தடை விதிக்கப்பட்டது. கரிபு இறைச்சியை நம்பி வாழ்ந்த இன்னு, இனுயிட் பழங்குடி மக்களுக்கு அது வாழ்முறையையே பாதிக்கும் இழப்பு.