மலாக்காக் கரையில் ஒதுங்கிய திமிங்கலம்

கிள்ளான் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் இல்லை. ஆயினும் கேரித் தீவிலும் பந்திங்கிலும் செம்பனைத் தோட்டங்களில் உழைப்போருக்குக் கூட, கடல் என்றால் மண்கரைக்கு அப்பால் தெரியும் சேற்று நீர்தான். அந்தச் சேற்று நீர் போய்ச் சேரும் மலாக்கா நீரிணையில் திமிங்கலமும் வந்து போனதுண்டு என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்குக் காட்ட நம்மிடம் ஓர் எலும்புக்கூட்டின் வரலாறு இருக்கிறது.

1892ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாக்காவுக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியது. அதன் நீளம் 42 அடி. லயத்து வீடொன்றின் முகப்பு பத்தடி என்று வைத்துக்கொண்டால், நான்கு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும் உருவம். அப்போது மலாக்காவின் ரெசிடெண்ட் கவுன்சிலராக இருந்த ஹெர்வி என்பவர், அதன் எலும்புகளைச் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மியூசியத்துக்குக் கொடுத்தார்.

தரையில் ஒதுங்கிய திமிங்கலம் ஏன் பிழைப்பதில்லை? தண்ணீர் இல்லாமல் மூச்சு முட்டிச் சாகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது மீனுக்குப் பொருந்தும். திமிங்கலம் மீனன்று, நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது, குட்டி போட்டுப் பால் கொடுப்பது. அதைக் கொல்வது அதன் சொந்த எடையே. கடலில் தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த உடம்பு, மணலில் தன் நெஞ்சையே நசுக்குகிறது. தோலுக்கு அடியில் உள்ள தடித்த கொழுப்பு, வெயிலில் உடற்சூட்டை வெளியே விடாமல் அடைத்துவிடுகிறது. நம் மூதாதையர் ஊர்ப் பக்கமும் இது நடந்திருக்கிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர் கடற்கரையில் 1973 ஜனவரியிலும், மீண்டும் 2016 ஜனவரியிலும், சிறிய இனத் திமிங்கலங்கள் கூட்டங்கூட்டமாகக் கரையேறின. மீனவர்கள் இழுத்துப்போய்க் கடலில் விட்டும் சில திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. அவை உறவை விட்டுப் பிரியாத இனம். ஒன்று தடுமாறினால் மற்றவையும் பின்னே வரும். மலாக்காவில் ஒதுங்கியதோ தனியாக வந்தது.

சிங்கப்பூர் சென்ற எலும்புகள் இடமின்றிப் பதினைந்து ஆண்டுகள் கிடந்தன. புதிய கட்டடம் எழுந்த பிறகு, 1907இல்தான் அவற்றைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். அதற்கு ‘பாலினாப்டெரா இண்டிகா’ என்று பெயரும் சூட்டினார்கள்.

அந்தப் பெயரில்தான் சுவையான செய்தி இருக்கிறது. கல்கத்தாவில் அரும்பொருட்களுக்குப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத், அரக்கான் கரையில் ஒதுங்கிய ஒரு பெருந்திமிங்கலத்தின் எலும்புகளை வைத்து, 1859இல் இது புதிய இனம் என்று எழுதிப் பெயரிட்டார். பிற்கால ஆராய்ச்சியில் அது தனி இனமாக நிற்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் வாழும் நீலத் திமிங்கலத்தின் ஒரு கிளை என்றே இன்று கொள்ளப்படுகிறது. 1871இல் பர்மாவின் மர்த்தபான் வளைகுடாவில் இன்னொன்று ஒதுங்கியது. கல்கத்தா இந்திய மியூசியத்தின் ஜான் ஆண்டர்சன் அதற்கு, பர்மாவை ஆண்ட ஆஷ்லி ஈடன் துரையின் பெயரை வைத்தார். இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சில எலும்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உயிரை முழுதும் எழுதுவது அவ்வளவு எளிதன்று. ஏன், 2003இலும் 2021இலும் கூடப் புதிய திமிங்கல இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

இனி நம் 42 அடிக்கு வருவோம். நீலத் திமிங்கலக் குட்டி பிறக்கும்போதே ஏறத்தாழ 23 அடி இருக்கும். தாயின் கெட்டியான பாலைக் குடித்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 கிலோ எடை கூடும். ஆறேழு மாதத்தில் பால் மறக்கும்போது 50 அடியை எட்டிவிடும். அப்படியானால் மலாக்காவில் ஒதுங்கியது உண்மையிலேயே நீலத் திமிங்கலம் என்றால், அது பால்குடி மறக்காத குட்டியாக இருந்திருக்க வேண்டும். தாயை விட்டுத் தவறியதோ, தாய் இறந்ததோ! அல்ல, ஈடனின் இனத்தைச் சேர்ந்தது அல்லது அதன் நெருங்கிய உறவு என்றால், 42 அடி என்பது நன்கு வளர்ந்த உடம்பு. ஒரே அளவுகோல், இரண்டு வேறு கதைகள். எலும்பின் முனைகள் கூடியிருக்கின்றனவா என்று பார்த்தால் வயது தெரியும். பெயர்ப்பலகையைப் படிப்பதோடு நின்றுவிடாமல் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவது நல்லது என்பது எங்கள் கருத்து.

இவ்வினங்களுக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து சல்லடை போன்ற தகடுகள் தொங்கும். தொண்டையில் உள்ள மடிப்புகள் விரிய, கடல்நீரை வாய்நிறைய அள்ளி, நாக்கால் அழுத்தி வெளியே தள்ளும். சிறு மீனும் கூனிப்பொடியும் உள்ளே தங்கிவிடும். நம் வீட்டில் மாவு சலிப்பதற்கு நேர்மாறு: இங்கே சல்லடையில் நிற்பதுதான் உணவு.

சிங்கப்பூர் மியூசியம் விலங்கியல் பொருட்களைக் கைவிட்டு வரலாறு, கலைப் பக்கம் திரும்பியபோது, 1974இல் அந்த எலும்புக்கூடு கோலாலம்பூர் நெகாரா மியூசியத்துக்கு அன்பளிப்பாக வந்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நடந்தே போகக்கூடிய தூரம். மலாக்காவில் ஒதுங்கியது 82 ஆண்டு கழித்துத் தாய்நாடு திரும்பியது என்று சொல்லலாம். பின்னர் அங்கிருந்தும் கிளம்பி, லபுவான் தீவின் கடல்சார் மியூசியத்துக்குப் போய்விட்டது.

சிங்கப்பூருக்கும் வேறொரு திமிங்கலம் கிடைத்தது. 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கலம் ஒன்று இறந்து மிதந்தது. இது பல்லுள்ள இனம், கணவாயை வேட்டையாடுவது. அதன் வயிற்றில் கணவாயின் அலகுகளோடு பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது.

நம் நாட்டில் திமிங்கலத்தைக் காக்கும் விதிகள் 1999இல் மீன்வளச் சட்டத்தின் கீழ் வந்தன. அந்த விதிகளின் தலைப்பில் அதுவும் ‘அழிந்துவரும் மீன்’ என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. மோரிப் கரையிலோ கெத்தாம் தீவிலோ உயிரோடு ஒன்று ஒதுங்கக் கண்டால், வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். உச்சந்தலையில் உள்ள மூக்குத் துளையை மூடாமல், ஈரத்துணி போட்டு நீர் ஊற்றிக்கொண்டே மீன்வளத் துறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.